வீட்டு கராஜில் ஆர்கான் வெல்டிங் பழகி எக்ஸாஸ்ட் ஹெட்டர் செய்வது: குழாயின் உள்பக்கம் கருகுவது ஏன்?

பீளமேடு எஸ்டீம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1,298 சிசி ஜி13 எஞ்சின் கொண்ட பழைய மாருதி எஸ்டீம் ஒன்று இருக்கிறது. செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காக மட்டுமே அதைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். சாலையில் ஓட்டும் எண்ணம் இல்லை. எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் அதன் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, நான்கு குழாய்களும் ஒரே நீளத்தில் வந்து ஒரே கலெக்டரில் சேரும் ஹெட்டர் ஒன்றை என் வீட்டுக் கராஜிலேயே செய்ய விரும்புகிறேன். பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால், வெல்டிங்கைக் கற்றுக்கொள்வதே இந்த வேலையின் பாதி நோக்கம்.

200 ஆம்பியர் டிசி இன்வெர்ட்டர் மெஷின் வைத்திருக்கிறேன். ஹெச்எஃப் ஸ்டார்ட் (உலோகத்தைத் தொடாமலேயே ஆர்க்கை மூட்டும் உயர் அதிர்வெண் வசதி) உண்டு, கரண்டைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடல் இல்லை. பெரிய ஆர்கான் சிலிண்டரும் ரோட்டாமீட்டர் (வாயு ஓட்டத்தை அளக்கும் கருவி) உள்ள ரெகுலேட்டரும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். 38.1 மி.மீ. வெளிவிட்டமும் 1.6 மி.மீ. தடிமனும் கொண்ட 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய்த் துண்டுகளை முட்டவைத்துப் பற்றவைத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் பொன்னிறமும் நீலமும் கலந்து ஒழுங்காகவே அமைகிறது. ஆனால் குழாயை நெடுக்கில் அறுத்துப் பார்த்தால், உள்பக்கம் அடிப்பிடித்த சர்க்கரைப் பாகைப் போலக் கறுத்துப் பொரிந்து நிற்கிறது. கரண்டைக் குறைத்தால் வெல்டு உள்ளே இறங்குவதில்லை, கூட்டினால் கருகுகிறது.

இது என் கை பழகாததால் வருவதா, முறையே வேறா என்று தெரியவில்லை. பலர் ஃபில்லர் ராடு இல்லாமலேயே இரண்டு குழாய்களையும் உருக்கிச் சேர்த்துவிடலாம் என்கிறார்கள். வேறு சிலர் முதல் ஹெட்டரை எம்.எஸ். (சாதாரண எஃகு) குழாயில் செய்யச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, எந்த வரிசையில் பற்றவைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


திருவெறும்பூர் வெல்டர் எழுதியது:

வணக்கம் தம்பி. நீங்கள் காண்பது கைக்குறை அல்ல, உள்பக்கத்தில் ஆர்கான் இல்லாததன் விளைவு. டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் வெளிப்பக்கத்தை மட்டுமே காக்கிறது. வெல்டு முழுத் தடிமனுக்கும் இறங்கும்போது உள்பக்கமும் உருகுகிறது. அந்த உருகிய குரோமியம் கலந்த எஃகு, குழாய்க்குள் இருக்கும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து பொரிந்துவிடுகிறது. எம்.எஸ். குழாயில் இந்தத் தொல்லை இந்த அளவுக்கு இராது. எஸ்.எஸ். குழாயில் முழு ஊடுருவல் வேண்டுமென்றால் உள்ளே பர்ஜிங் (குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி ஆர்கானை நிரப்புவது) செய்தே ஆக வேண்டும், அதில் சமரசம் கிடையாது. பாய்லர் குழாய்களின் ரூட் (மூட்டின் அடியில் ஓட்டும் முதல் வெல்டு) ஓட்டும் இடத்தில் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. அங்கே பர்ஜிங் சரியாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்பார்கள், டார்ச்சைக் கையில் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பொரிவு அழகுக்குறை மட்டுமல்ல. வெளியேறும் வாயுவின் பாதையில் அது ஒரு மேடு. அதைவிட முக்கியமாக, அந்தச் சொரசொரப்பின் பள்ளங்கள் விரிசல் தொடங்குவதற்கு வசதியான இடங்கள். ஹெட்டர் ஒவ்வொரு முறையும் சூடேறி ஆறும்போது அந்தப் பள்ளங்கள் இழுபடும். வெளியே பளபளவென்று இருந்த வெல்டு சில ஓட்டங்களிலேயே வளையமாக விட்டுப்போனால், பெரும்பாலும் காரணம் உள்ளேதான் இருக்கும்.

முறையைச் சொல்கிறேன். குழாயின் ஒரு முனையை அலுமினியத் தாள் டேப்பால் மூடி, அதில் ஆர்கான் வரும் சிறு குழலைச் செருகுங்கள். மறுமுனையையும் மூடி, அதில் ஒரு சிறு துளை மட்டும் விடுங்கள். ஆர்கான் காற்றைவிடச் சுமார் 1.38 மடங்கு கனமானது. ஆகவே கீழ் முனையிலிருந்து நிரப்பி, மேல் முனையின் துளை வழியாகக் காற்றை வெளியேற விட வேண்டும். மாற்றிச் செய்தால் வாயு வீணாவதோடு காற்றும் உள்ளேயே தங்கிவிடும். பற்றவைக்கப் போகும் மூட்டையும் டேப்பால் சுற்றி, வேலை செய்யும் பகுதியை மட்டும் சிறிது சிறிதாகத் திறந்துகொண்டே போங்கள்.

எவ்வளவு நேரம் நிரப்புவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 34.9 மி.மீ. உள்விட்டமும் 70 செ.மீ. நீளமும் உள்ள ஒரு குழாயின் உட்கொள்ளளவு சுமார் 0.67 லிட்டர். அதைப் போல் பத்து மடங்கு ஆர்கான் உள்ளே சென்றால் போதுமென்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு 2 அல்லது 3 லிட்டருக்குக் குறைத்துவிடுங்கள். அதே வேகத்தில் விட்டுக்கொண்டிருந்தால், மூட்டின் கடைசி இடைவெளியை மூடும் நேரத்தில் உள்ளழுத்தம் உருகலை வெளியே ஊதித் துளையாக்கிவிடும். நான்கு குழாய்களும் கலெக்டரோடு சேர்ந்த பிறகு பர்ஜிங் செய்வது இதைவிட நேரமெடுக்கும் வேலை. எனவே முடிந்தவரை தனித்தனிக் குழாயாக இருக்கும்போதே மூட்டுகளை முடித்துவிடுங்கள்.

ஆர்கான் செலவை எண்ணிப் பலர் தயங்குகிறார்கள். 7 கன மீட்டர் சிலிண்டர் என்றால் 7,000 லிட்டர். டார்ச்சுக்கு 8, உள்ளே 4 என்று நிமிடத்துக்கு 12 லிட்டர் போனாலும் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வரும். ஒரு ஹெட்டருக்கும் பயிற்சிக்கும் சேர்த்து அது தாராளம்.

ஃபில்லர் ராடு பற்றிக் கேட்டீர்கள். குழாயின் உலோகத்தை மட்டும் உருக்கிச் சேர்த்தால் வெல்டு சற்றுக் குழிந்து, சுவரைவிட மெல்லியதாகிவிடும். டேக் (குழாய் நகராமல் பிடிக்கும் புள்ளி வெல்டு) வைப்பதற்கு அது போதும். முழு மூட்டுக்கு 304 குழாயில் 308எல் ராடு போடுவதே முறை. அந்த ராடின் கலவை, உறையும் வெல்டில் சிறிது ஃபெர்ரைட் தங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது, அதுதான் சூட்டு விரிசலைத் தடுக்கிறது. 1.6 மி.மீ. சுவருக்கு 1.2 மி.மீ. ராடு கைக்கு அடங்கும். எங்கள் பாய்லர் வேலையில் தடித்த குழாயின் விளிம்பைச் சரித்து, நடுவில் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விட்டு ரூட் ஓட்டுவோம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. இவ்வளவு மெல்லிய குழாயில் விளிம்பைச் சதுரமாக வெட்டி, வெளிச்சம் தெரியாதபடி முட்டவைக்க வேண்டும். இடைவெளி இருக்கும் இடத்தில் வெல்டு சுருங்கி இழுக்கும், குழாய் அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிடும்.

பயிற்சிக்கு முதலில் எம்.எஸ். தகட்டில் கை பழகுங்கள். பிறகு மேசையில் உருட்டி உருட்டிக் குழாய் பற்றவையுங்கள், ஒரு முறைக்குக் கால் வட்டம் போதும். அது ஒழுங்காக வந்தபின் குழாயை 45 பாகை சாய்த்து நிலையாகக் கட்டிவிட்டு, அதை நகர்த்தாமல் நீங்கள் மட்டும் சுற்றி வந்து பற்றவையுங்கள். ஹெட்டர் ஜிக்கில் (குழாய்களை இடத்தில் பிடித்துவைக்கும் சட்டத்தில்) இருக்கும்போது உங்கள் வசதிக்கு அது திரும்பிக் கொடுக்காது.


கணபதி ஃபேப்ரிகேஷன் எழுதியது:

பெரியவர் பர்ஜிங் பற்றிச் சொன்னதற்கு மேல் சேர்க்க எதுவும் இல்லை. பயிற்சியை எம்.எஸ். தகட்டில் தொடங்குவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எம்.எஸ். மேற்பரப்பில் கறுப்புப் படலமும் துருவும் இருக்கும். தொடங்குகிறவர் அதை முழுவதும் தேய்த்து எடுப்பதில்லை, பிறகு உருகல் கொதித்துத் துளை விழும்போது தன் கையைச் சந்தேகிப்பார். எஸ்.எஸ். தகட்டில் உருகல் தெளிவாகத் தெரியும், செய்த தவறு நிறத்திலேயே பேசும்: வைக்கோல் நிறமும் பொன்னிறமும் நல்லது, நீலம் பரவாயில்லை, சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால் சூடு அதிகம் அல்லது ஆர்கான் விலகியிருக்கிறது. எந்த உலோகத்தில் ஹெட்டர் செய்யப் போகிறாரோ அதன் வெட்டுத் துண்டுகளிலேயே பழகுவது நல்லது என்பது என் கருத்து.

ஆனால் இதற்கு முன்னால் பேச வேண்டியது குழாய் வாங்குவதைப் பற்றி. நீங்கள் 38.1 மி.மீ. குழாயைத் தேர்ந்தெடுத்தது சரியே. வெளியேற்று வால்வு பிஸ்டனின் கீழ்மைய நிலைக்கு 50 பாகை முன்னதாகத் திறக்கிறது என்றும், 6,500 ஆர்பிஎம் இலக்கு என்றும் வைத்துக்கொள்வோம். 180 உடன் 50 கூட்டி 850 ஆல் பெருக்கி, 6,500 ஆல் வகுத்து, 3 கழித்தால் முதன்மைக் குழாயின் நீளம் சுமார் 27 அங்குலம், அதாவது 69 செ.மீ. வருகிறது. ஒரு சிலிண்டருக்கு 324.5 சிசி என்று அதே வகைக் கணக்கைத் தொடர்ந்தால் உள்விட்டம் 35 மி.மீ. அளவில் வந்து நிற்கும். 38.1 மி.மீ. குழாயில் இருபுறமும் 1.6 மி.மீ. சுவர் போக மிஞ்சுவது 34.9. உங்கள் கேம்ஷாஃப்டின் உண்மையான பாகையை வைத்துக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். இந்தச் சூத்திரம் தொடக்கப் புள்ளிதான். அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் வானம் இடிந்து விழாது.

கடைக்குப் போய் "ஒன்றரை இன்ச் எஸ்.எஸ். பைப்" என்று கேட்டால் 48.3 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயை எடுத்துக் கொடுப்பார்கள், ஏனென்றால் தண்ணீர்க் குழாய்க் கணக்கில் ஒன்றரை அங்குலம் என்பது அதுதான். நமக்குத் தேவை வெளிவிட்டக் கணக்கில் விற்கும் டியூப். பால் பண்ணை, உணவுத் தொழிற்சாலைகளுக்கான இணைப்புகளை விற்கும் கடைகளில் 38.1 மி.மீ. 304 பெண்டுகள் (வளைந்த குழாய்த் துண்டுகள்) ஏறக்குறைய இதே சுவர்த் தடிமனில், உள்ளும் புறமும் பாலிஷ் செய்து கிடைக்கும். ஹெட்டருக்கென்றே விற்கும் பெண்டுகளைத் தேடி அலைவதைவிட இதுவே எளிது. சாதாரண வளைப்பு மெஷினில் வளைத்த குழாயை மட்டும் எடுக்காதீர்கள். வளைவின் உள்பக்கம் நசுங்கி உள்விட்டம் குறைந்திருக்கும், மூட்டும் பொருந்தாது.

இந்த வேலையில் வெல்டிங் சிறு பகுதி, பொருத்துவதுதான் பெரும்பகுதி. நான்கு குழாய்களையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதே நேரத்தில் ஸ்பார்க் பிளக் ஸ்பேனருக்கு இடம் விட வேண்டும், ரேடியேட்டர், ஸ்டார்ட்டர், ஸ்டியரிங் ராக் எதிலும் படக் கூடாது. நீளத்தைக் குழாயின் மையக்கோட்டில்தான் அளக்க வேண்டும். முதலில் தடித்த மின்கம்பியையோ பிளாஸ்டிக் குழாயையோ வளைத்துப் பாதையைக் கண்டுகொண்டு, அதன்பின் பெண்டுகளை வெட்டுங்கள். வெட்டும் ஒவ்வொரு முனையையும் சமதளக் கல்லில் அல்லது தகட்டில் ஒட்டிய எமரித் தாளில் வட்டமாகத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, உள்ளே டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். வெளிச்சக் கீற்று எங்கேயாவது தெரிந்தால் மீண்டும் தேய்க்க வேண்டும். இதில் சோம்பல்பட்டுவிட்டு வெல்டிங்கில் சரிக்கட்டலாம் என்று நினைக்கிறவர்கள்தான் ராடை அள்ளிப் போட்டு, குழாயைக் கருக்கி, கடைசியில் மெஷினைக் குறை சொல்வார்கள்.

சிலிண்டர் ஹெட்டோடு ஹெட்டரை போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளேஞ்ச் குறைந்தது 10 மி.மீ. தகடாக இருக்கட்டும். கழிவுக்குப் போன சிலிண்டர் ஹெட் ஒன்று கிடைத்தால் அதையே ஜிக்காக வைத்து, ஃபிளேஞ்சை எல்லா போல்ட்டுகளாலும் இறுக்கிவிட்டுப் பற்றவையுங்கள். ஒன்றாம் துளையில் கால் வட்டம், பிறகு மூன்றாவது, பிறகு இரண்டாவது, நான்காவது என்று மாற்றி மாற்றி ஓட்டி, முழுவதும் ஆறும் வரை போல்ட்டைத் தொடாதீர்கள். அப்படியும் சிறிது வளையும். சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்யும் இடத்தில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்திக்கொண்டால் கேஸ்கட் ஊதாது. டார்ச்சைத் தடித்த ஃபிளேஞ்ச் மீது சாய்த்து, அங்கே உருகல் உண்டான பின் குழாய்ப் பக்கம் இழுக்க வேண்டும், இரண்டையும் சமமாகச் சூடேற்றினால் குழாய் முதலில் ஓட்டையாகும். ஃபிளேஞ்ச் எம்.எஸ். தகடாக இருந்தால் அந்த மூட்டுக்கு மட்டும் 309எல் ராடு.

கலெக்டரில் குழாய்களைச் சதுரமாக அடுக்கும்போது, எரியும் வரிசையான 1-3-4-2 சதுரத்தைச் சுற்றி அடுத்தடுத்து வரும்படி வைக்கவும். நான்கு குழாய்களுக்கும் நடுவே நட்சத்திர வடிவில் ஒரு சந்து மிஞ்சும். அதைச் சிறு கூம்பாக வெட்டிய தகட்டால் அடைக்க வேண்டும். தொடங்குகிறவருக்கு இந்த ஹெட்டர் முழுவதிலும் கடினமான இடம் அதுதான், டார்ச்சும் நுழையாது, கண்ணும் போகாது. கலெக்டரை நிலையாகப் பற்றவைக்காமல், ஒன்றுக்குள் ஒன்று நழுவும் ஸ்லிப் ஜாயின்ட்டாகச் செய்து ஸ்பிரிங் மாட்டிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். எஸ்.எஸ். குழாய் 600 பாகை செல்சியஸ் சூடேறினால் ஒரு மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. நீளும், உங்கள் 70 செ.மீ. குழாய் 7 மி.மீ. நீளும். நான்கு குழாய்களும் ஒரே மாதிரி சூடேறுவதில்லை. அந்த நீட்சி போவதற்கு இடமில்லையென்றால் ஃபிளேஞ்ச் ஓரத்து வெல்டுதான் அதைத் தாங்க வேண்டியிருக்கும்.


சேலம் டூ ஸ்ட்ரோக் எழுதியது:

இவ்வளவு பர்ஜிங் தேவையா? எஸ்.எஸ். மூட்டின் உள்பக்கத்தில் பூசும் ஃபிளக்ஸ் பவுடர் கிடைக்கிறது. அதை ஸ்பிரிட்டில் குழைத்துத் தடவிவிட்டுப் பற்றவைத்தால் உள்ளே கருகுவதில்லை. சைலன்சர் வேலை செய்யும் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.


பீளமேடு எஸ்டீம் எழுதியது:

விரிவாக விளக்கிய இருவருக்கும் நன்றி. ஃபிளக்ஸ் முறை என் போன்றவர்களுக்கு எளிதாகத் தோன்றுவதால் அதைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். மேலும் இரண்டு ஐயங்கள். என் மெஷினில் கால் பெடல் இல்லாததால் முடிக்கும் இடத்தில் சிறு குழி விழுந்து, சில சமயம் அதில் மயிரிழை விரிசல் தெரிகிறது. அடுத்து, வீட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்புதான் இருக்கிறது. கராஜில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கே இந்த வேலைக்குத் தாங்குமா, தனி லைன் இழுக்க வேண்டுமா?


திருவெறும்பூர் வெல்டர் எழுதியது:

ஃபிளக்ஸ் வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. கருகுவதை அது பெரும்பாலும் தடுக்கும். ஆனால் வெல்டு முடிந்ததும் அது உள்பக்கத்தில் கண்ணாடிப் படலமாக உறைந்து ஒட்டிக்கொள்ளும். திறந்த முனையில் அதைத் தட்டி எடுக்கலாம், வளைந்த குழாயின் நடுவில் இருக்கும் மூட்டை எப்படி எட்டுவீர்கள்? எஞ்சின் சூட்டில் அது துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். பின்னால் டர்போவோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ இருந்தால் அது நேராக அங்கேதான் போய்ச் சேரும். உங்கள் வண்டியில் இரண்டும் இல்லையென்றால் ஆபத்து குறைவுதான். எனினும் ஆர்கான் சிலிண்டர் ஏற்கெனவே வீட்டில் நிற்கும்போது, ஒரு டி இணைப்பும் இரண்டாவது ரோட்டாமீட்டரும் வாங்கினால் முடிகிற வேலைக்கு ஃபிளக்ஸை நாடுவானேன்? பர்ஜிங் குழலை எந்த வகையிலும் கொண்டுபோக முடியாத ஓரிரு மூட்டுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

முடிக்கும் இடத்துக் குழி, உருகலைத் திடீரென்று அணைப்பதால் வருகிறது. உங்கள் மெஷினில் 2டி, 4டி என்று ஒரு சுவிட்ச் இருக்கும். 4டி நிலையில் வைத்து, டவுன் ஸ்லோப்பை இரண்டு மூன்று வினாடிக்கு வையுங்கள். சுவிட்சை இரண்டாம் முறை அழுத்தியதும் கரண்ட் படிப்படியாக இறங்கும். அந்த நேரத்தில் கடைசியாக ஒரு சொட்டு ராடு கொடுத்து, டார்ச்சை ஏற்கெனவே ஓட்டிய வெல்டின் மேல் சிறிது பின்னோக்கி நகர்த்தி முடியுங்கள். ஆர்க் அணைந்த பிறகும் டார்ச்சை அங்கேயே பிடித்திருக்க வேண்டும். போஸ்ட் ஃபுளோ (ஆர்க் அணைந்த பின்னும் ஆர்கான் வரும் நேரம்) எட்டு வினாடியாவது இருக்கட்டும். ஆர்க் அணைந்ததும் கையைத் தூக்கி அழகு பார்ப்பது எல்லா இளைஞர்களிடமும் உள்ள பழக்கம்; அந்தக் கணத்தில்தான் சிவந்திருக்கும் வெல்டும் டார்ச்சின் டங்ஸ்டன் ஊசியும் காற்றில் கறுக்கின்றன. ராடின் சூடான நுனியையும் ஆர்கான் வட்டத்துக்கு வெளியே இழுக்காதீர்கள், கறுத்த நுனியை மீண்டும் உருகலில் தொட்டால் அந்த அழுக்கு உள்ளே போகும்.

டார்ச்சில் கேஸ் லென்ஸும் (ஆர்கானைச் சீராகப் பரப்பும் வலை) எட்டாம் எண் கப்பும் போட்டுக்கொள்ளுங்கள். டங்ஸ்டன் 1.6 மி.மீ. போதும். நுனியைக் கல்லில் தீட்டும்போது கோடுகள் நீளவாக்கில் விழ வேண்டும், குறுக்கே விழுந்தால் ஆர்க் அலையும். ஆர்க் நீளம் ஒன்றரை மி.மீ. அளவில் இருக்கட்டும். கரண்ட் 50 முதல் 60 ஆம்பியர் வரை வைத்துப் பாருங்கள்.

எங்கள் ஊரில் கூரையடியில் உட்கார்ந்து செய்யும் வேலை கோயம்புத்தூரில் ஆடி மாதத்தில் நடக்குமா என்பது எனக்குச் சந்தேகம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஷட்டருக்கு அடியில் புகுந்தால் போதும், எந்த கப்பும் உங்களைக் காப்பாற்றாது. ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். வியர்வை ராடில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


கணபதி ஃபேப்ரிகேஷன் எழுதியது:

மின்சாரம் பற்றிய ஐயத்துக்கு: மெஷினில் 200 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். டிக் வெல்டிங்கில், அதாவது நாம் பேசும் ஆர்கான் வெல்டிங்கில், ஆர்க்கின் மின்னழுத்தம் மிகக் குறைவு. 60 ஆம்பியரில் அது 12.4 வோல்ட் என்று கொள்வது வழக்கம், பெருக்கினால் சுமார் 750 வாட். மெஷினின் இழப்பையும் பவர் ஃபேக்டரையும் சேர்த்தாலும் 230 வோல்ட் லைனிலிருந்து அது இழுப்பது ஒரு தண்ணீர் ஹீட்டர் இழுப்பதைவிடக் குறைவுதான். 16 ஆம்பியர் பிளக் தாராளமாகத் தாங்கும். ஆனால் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். ஹெச்எஃப் ஸ்டார்ட் உள்ள மெஷின் அருகிலிருக்கும் மின்னணுக் கருவிகளைக் குழப்பக்கூடியது. காரின் மீதே டேக் வைக்கப் போகிறீர்கள் என்றால் பேட்டரியையும் இசியு (எஞ்சின் கணினி) இணைப்பையும் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் குழாயிலேயே மாட்டுங்கள். பாடியில் எங்கோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகவும் பாதை தேடிக்கொள்ளும்.

ஆக்ஸிஜன் சென்சாருக்கான பங் (சென்சாரைத் திருகும் மரையுள்ள வளையம்) 18 மி.மீ. விட்டம், 1.5 பிட்ச் மரை. அதைப் பற்றவைக்கும்போது பழைய சென்சார் ஒன்றை உள்ளே திருகி வைத்துக்கொண்டால் மரை கோணாது.


அரசு ஐடிஐ ஆசிரியர் எழுதியது:

பாதுகாப்பு பற்றி யாரும் பேசாததால் இதை எழுதுகிறேன். வீட்டுக் கராஜ் என்பதால் பட்டறையைவிட இங்கே கூடுதல் கவனம் தேவை.

முதலாவதும் மிக முக்கியமானதும், குழாயைத் துடைக்கப் பயன்படுத்தும் திரவம். பிரேக் கிளீனர்களில் சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான்கள் உண்டு. அவற்றின் ஈரம் உலோகத்தில் இருக்கும்போது ஆர்க்கின் வெப்பமும் புற ஊதாக் கதிரும் பட்டால் பாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயு உண்டாகும். மிகச் சிறிய அளவே நுரையீரலைச் சிதைக்கப் போதுமானது. மூச்சுத்திணறல் பல மணி நேரம் கழித்துத் தோன்றக்கூடும் என்பதால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம். கார் வேலை செய்யும் கராஜில் அந்த டப்பா கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். துடைப்பதற்கு அசிட்டோன் மட்டும் பயன்படுத்தி, அது முழுவதும் உலர்ந்த பிறகு ஆர்க் அடியுங்கள். அசிட்டோன் டப்பாவும் துடைத்த துணியும் கராஜுக்கு வெளியே இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆர்கான். அது நச்சல்ல, மணமும் இல்லை. மூச்சுக்கான ஆக்ஸிஜனை இடம்பெயர்த்துவிடும் என்பதே ஆபத்து. கனமான வாயு என்பதால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். உங்கள் கராஜில் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் குழி இருந்தால், பர்ஜிங் செய்யும் நாளில் அதில் யாரும் இறங்கக் கூடாது. சிலிண்டர் வால்வை இரவில் மூடிவிட்டுப் போங்கள். காற்று வெல்டைக் கெடுக்கும் என்று பெரியவர் சொன்னது சரி, அதற்காக அறையை முற்றிலும் அடைத்துவிடக் கூடாது. ஆர்க்கின் மீது நேராக வீசாத வகையில், புகையை இழுத்து வெளியேற்றும் ஃபேன் ஒன்று வேண்டும். எஸ்.எஸ். வெல்டிங் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் கலந்திருக்கும், அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். டிக் முறையில் புகை குறைவாகத் தெரிவதால் பலர் முகக்கவசத்தை அலட்சியம் செய்கிறார்கள்.

மூன்றாவது, கண்ணும் தோலும். இந்த அளவு கரண்டுக்கு 9 அல்லது 10 ஷேடு போதும். வெள்ளையடித்த சுவரிலிருந்தும் எஸ்.எஸ். தகட்டிலிருந்தும் கதிர் எதிரொளித்து ஹெல்மெட்டின் பின்பக்கமாக நுழையும். முழுக்கைப் பருத்திச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஷட்டர் பக்கம் ஒரு தடுப்புத் திரை கட்டாயம். ஆர்க் பட்ட கண்ணில் உறுத்தல் இரவில்தான் தொடங்கும். அப்போது உருளைக்கிழங்கு வில்லை வைப்பது, பால் விடுவது போன்ற பட்டறை வைத்தியங்களில் இறங்காமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

டங்ஸ்டனில் சிவப்பு நுனி உள்ளது தோரியம் கலந்தது. அதைத் தீட்டும்போது கிளம்பும் தூள் கதிரியக்கம் உடையது. நீல நுனி அல்லது பொன்னிற நுனியுள்ள லாந்தனம் வகையை வாங்கினால் அந்தக் கவலையே இல்லை, வேலையும் குறையாது.

இறுதியாக ஒரு தகவல். இந்த ஹெட்டருடன் வண்டியைச் சாலையில் எடுத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், இரைச்சலுக்கும் புகைக்கும் உரிய 190(2) பிரிவும் குறுக்கே வரும். டிராக்குக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.


திருவெறும்பூர் வெல்டர் எழுதியது:

ஆசிரியர் சொன்னதில் ஒரு சிறு சேர்க்கை. எஸ்.எஸ். வேலைக்கென்று தனிக் கிரைண்டிங் டிஸ்க்கும் தனி எஸ்.எஸ். கம்பி பிரஷும் வைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். தேய்த்த டிஸ்க்கால் தேய்த்தால் அந்த இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு, எஸ்.எஸ். குழாயிலேயே துருப் புள்ளிகள் கிளம்பும்.

ஹெட்டர் முடிந்ததும் வண்டியில் மாட்டுவதற்கு முன் கசிவு பாருங்கள். ஃபிளேஞ்ச் துளைகளை ரப்பர் வைத்துத் தகட்டால் அடைத்து, ஸ்லிப் ஜாயின்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு குழாயின் மறுமுனையையும் மூடி, மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்று விட்டு சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அதன் மேலேயே ராடு போட்டு மூடாமல், அந்த இடத்தை முழுத் தடிமனுக்கும் தேய்த்தெடுத்து, அசிட்டோனால் துடைத்து, மீண்டும் பர்ஜிங் வைத்துப் பற்றவையுங்கள்.


பீளமேடு எஸ்டீம் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. கராஜில் குழி இருக்கிறது. அதை முதலில் பலகை போட்டு மூடுகிறேன். டி இணைப்பும் இரண்டாவது ரோட்டாமீட்டரும் சொல்லிவைத்திருக்கிறேன். முதலில் பர்ஜிங் வைத்து நேர்த் துண்டுகளை மட்டும் பற்றவைத்து, அறுத்துப் பார்த்து, உள்பக்கத்தின் படத்தை இங்கே பதிவிடுகிறேன். கழிவு சிலிண்டர் ஹெட் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். வால்வு சீட் உடைந்திருந்தாலும் பரவாயில்லை, எக்ஸாஸ்ட் பக்கத்து முகமும் மரைகளும் நன்றாக இருந்தால் போதும்.